1,500 பவுண்டு டெபாசிட்டில் 1,270 பிடிக்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால்: லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட். இரண்டரை வருடம் குடியிருந்துவிட்டுப் போன மாதம் காலி செய்தீர்கள். மாத வாடகை 1,300 பவுண்டு, டெபாசிட் 1,500. ஏஜென்ட் அனுப்பிய கணக்கில் சுத்தம் செய்ய 280, படுக்கையறை கார்ப்பெட் மாற்ற 350, சமையல் மேடைப் பலகை மாற்ற 400, பெயின்ட் அடிக்க 240. மொத்தம் 1,270 போக உங்களுக்கு 230 வரும் என்கிறார்கள். ஏழு நாளில் சம்மதம் தராவிட்டால் விவகாரம் கோர்ட்டுக்குப் போகும் என்று கடைசியில் ஒரு வரி. ஒத்துக்கொண்டு விட்டுவிடலாமா, எதிர்த்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமா என்று கேட்கிறீர்கள்.

ஒத்துக்கொள்ளாதீர்கள். விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் உள்ள பணத் தகராறு. அந்த ஏழு நாள் கெடு ஏஜென்ட் தானாகப் போட்டுக்கொண்டது, சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. சட்டத்தில் இருப்பது வேறொரு கணக்கு: எவ்வளவு திருப்பித் தருவது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட பிறகு 10 நாளுக்குள் பணம் உங்கள் கைக்கு வர வேண்டும்.

நான் கிழக்கு லண்டனில் சில வருடங்கள் இன்வென்டரி கிளார்க்காக வேலை பார்த்தவன். ஆள் குடிவரும்போதும் காலி செய்யும்போதும் வீட்டுக்குள் போய், அலமாரிக் கதவு முதல் பல்பு வரை படம் எடுத்து அறிக்கை எழுதுகிற வேலை. அப்புறம் தெரிந்தவர்களுக்கு டெபாசிட் தகராறில் மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். அதனால் இந்தச் சண்டையை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டெபாசிட் என்பது உங்கள் பணம். வீட்டுக்காரர் அதிலிருந்து ஒரு பவுண்டு எடுக்க வேண்டும் என்றாலும், ஏன் எடுக்கிறார் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். 'நான் அழுக்காக்கவில்லை' என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஊரில் அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இது சட்டென்று மனதில் ஏறாது. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்தவர்கள், காலி செய்யும்போது பெயின்டுக்கு ஒரு மாத வாடகையை ஓனர் பிடித்துக்கொண்டால் பேசாமல் வாங்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கே 240 பவுண்டு பெயின்ட் செலவைப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். இங்கே அது செல்லாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 2004-ம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி 2007 ஏப்ரல் 6 முதல், தனி வீடோ அறையோ முறையாக வாடகைக்கு விடுபவர் டெபாசிட்டை அரசு அங்கீகரித்த ஒரு திட்டத்தில் பாதுகாக்க வேண்டும். திட்டங்கள் மூன்று: டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம். பணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் பாதுகாத்து, எந்தத் திட்டம், எண் என்ன, தகராறு வந்தால் என்ன செய்வது என்ற விவரங்களையும் அதே 30 நாளுக்குள் உங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும். உங்களுக்காக மாமாவோ அண்ணனோ டெபாசிட் கட்டியிருந்தால் அவருக்கும் கொடுக்க வேண்டும். பலருக்கு இது தெரியாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது, பழைய மெயிலில் அந்த விவரங்கள் உள்ள சான்றிதழைத் தேடுவது. கிடைக்கவில்லை என்றால் மூன்று திட்டங்களின் தளத்திலும் தேடும் வசதி இருக்கிறது. பின்கோடு, குடும்பப் பெயர், குடிவந்த தேதி மாதிரியான விவரங்களைப் போட்டால் காட்டிவிடும். ஒன்றில் இல்லை என்றதும் முடிவு கட்டாமல் மூன்றிலும் பாருங்கள். நம் பெயர்களில் எது குடும்பப் பெயர் என்று ஏஜென்டுகள் குழம்புவார்கள், அப்பா பெயரைப் போட்டும் ஒரு தடவை தேடுங்கள்.

கிடைத்ததும் அது எந்த வகை என்று பாருங்கள். ஒரு வகையில் பணமே திட்டத்திடம் இருக்கும். உங்கள் சம்மதமோ, திட்டத்தின் நடுவர் முடிவோ, கோர்ட் உத்தரவோ இல்லாமல் பொதுவாக ஏஜென்டால் அதைத் தொட முடியாது. இன்னொன்று காப்பீட்டு வகை. பணம் ஏஜென்ட் கையிலேயே இருக்கும், ஆனால் நீங்கள் தகராறு எழுப்பியதும் தகராறில் உள்ள தொகையை அவர் திட்டத்திடம் கட்ட வேண்டும். கட்டாமல் ஏமாற்றினாலும், கம்பெனியே மூழ்கிப் போனாலும், காப்பீட்டிலிருந்து உங்களுக்கு வரவேண்டியது வரும். காப்பீட்டு வகையில் ஒரு எச்சரிக்கை: காலி செய்து மூன்று மாதத்துக்குள் தகராறை எழுப்பிவிட வேண்டும். 'பேசிக்கொண்டே இருக்கிறோம் சார்' என்று இழுத்தடித்து அந்தக் கெடுவைத் தாண்டவைக்கும் ஏஜென்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

தகராறு இல்லாத தொகையை, உங்கள் விஷயத்தில் அந்த 230 பவுண்டை, இப்போதே கேட்டு வாங்கலாம். அதை வாங்கினால் மீதியை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. வாங்கும்போது மட்டும் 'மீதி 1,270-ஐ நான் அப்படியே ஏற்கவில்லை' என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

சரி, இனி அந்த நான்கு பிடித்தங்களுக்கு வருவோம். தகராறை நீங்கள் திட்டத்துக்குக் கொண்டுபோனால், இரண்டு தரப்பும் சம்மதித்த பிறகு ஒரு நடுவர் முடிவு செய்வார். இரண்டு பேருக்குமே கட்டணம் கிடையாது. நடுவர் வீட்டைப் பார்க்க வரமாட்டார், உங்களிடம் போனில் பேசவும் மாட்டார். அவர் பார்ப்பது காகிதம் மட்டும்: வாடகை ஒப்பந்தம், குடிவந்தபோது எழுதிய செக்-இன் அறிக்கை, காலி செய்தபோது எழுதிய செக்-அவுட் அறிக்கை, படங்கள், பில்கள், மெயில்கள். செக்-இன் அறிக்கையை ஒரு கையிலும் செக்-அவுட் அறிக்கையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிடுவார். செக்-இன் அறிக்கையே இல்லை என்றால் வீட்டுக்காரரின் நிலை பரிதாபம்தான். முன்பு எப்படி இருந்தது என்று காட்ட வழியில்லாதவர், இப்போது கெட்டுப்போனதை எப்படி நிரூபிப்பார்?

சுத்தம், 280 பவுண்டு. டெபாசிட் தகராறுகளில் அதிகம் வருவது இதுதான். குடிவந்தபோது எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அவ்வளவு சுத்தமாகத் திருப்பித் தர வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. செக்-இன் அறிக்கையில் 'வீட்டு அளவில் சுத்தம்' என்று இருந்தால், காலி செய்யும்போது கம்பெனி வைத்துத் துடைத்த பளபளப்பை அவர்கள் எதிர்பார்க்க முடியாது. கிளீனிங் கம்பெனியைத்தான் வைக்க வேண்டும், ரசீது காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், 2019-ல் வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டத்தின்படி அந்த நிபந்தனை செல்லாது. நீங்களே தேய்த்துத் துடைத்தாலும் போதும், தரம்தான் கணக்கு.

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய படங்களில் ஓவனும் (பேக் செய்யும் அடுப்பு), அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹூடும் நன்றாக இல்லை. நம் வீடுகளில் இது அடிக்கடி நடப்பது. கூடத்தையும் குளியலறையையும் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார்கள், ஹூடின் வடிகட்டியைக் கழற்றினால் வருஷக்கணக்கில் தாளித்த எண்ணெய் தேன் மாதிரி இறங்கும். அதைக் கழற்றலாம் என்பதே பலருக்குத் தெரியாது. நான் அறிக்கை எழுதின காலத்தில் முதலில் போவதே அங்கேதான். ஆகவே இதில் பூஜ்யம் கேட்காதீர்கள். மற்ற அறைகள் சுத்தம் என்று செக்-அவுட் அறிக்கையே சொல்கிறது என்பதால், ஓவனுக்கும் ஹூடுக்கும் மட்டும் 80 பவுண்டு தரச் சம்மதம் என்று நீங்களே எழுதுங்கள். எல்லாவற்றையும் மறுக்கிறவரைவிட, இருப்பதை ஒப்புக்கொள்கிறவர் எழுதுவதை நடுவர் நம்பிப் படிப்பார்.

கார்ப்பெட், 350 பவுண்டு. ஜன்னலோரம் இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகிய தடம் ஒன்று, கட்டிலிலிருந்து கதவு வரை நடந்து நடந்து அமுங்கிய பாதை ஒன்று. இரண்டும் ஒன்றல்ல. நடந்த பாதை இயல்பான தேய்மானம், குடியிருக்கிறவர் நடக்கத்தான் செய்வார். அதற்குப் பைசா கிடையாது. இஸ்திரித் தடம் உங்கள் தவறு, அதற்குப் பொறுப்பு உண்டு. ஆனால் எவ்வளவு? பழைய கார்ப்பெட்டைக் கொடுத்துவிட்டுப் புதிய கார்ப்பெட்டை வாங்கிக்கொள்ளும் உரிமை வீட்டுக்காரருக்கு இல்லை. நடுவர்கள் போடும் கணக்கு இப்படித்தான் இருக்கும்: புதிதாகப் போட 350. அந்த வகைக் கார்ப்பெட் எட்டு வருடம் உழைக்கும் என்று வையுங்கள். நீங்கள் வரும்போதே அதற்கு மூன்றரை வயது, போகும்போது ஆறு. மிச்சம் இரண்டு வருடம். 350-ஐ எட்டால் வகுத்து இரண்டால் பெருக்கினால் 87 பவுண்டு 50 பென்ஸ். அதுதான் உச்சம். தடம் உள்ளங்கை அளவுதான், கட்டிலுக்கு அடியில் மறையும் இடம் என்றால் இன்னும் குறையும். கார்ப்பெட் போட்டபோது வாங்கிய பில்லைக் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் அதன் வயது அவர்களுக்கே தெரியாது என்று எழுதுங்கள்.

சமையல் மேடை, 400 பவுண்டு. மஞ்சள் கறை. வெள்ளை லாமினேட் மேடையில் மஞ்சள்தூள் ஈரத்தோடு ஒரு ராத்திரி கிடந்தால் அவ்வளவுதான், எந்த லிக்விட் போட்டுத் தேய்த்தாலும் வெளிர் மஞ்சளாக ஒரு நிலப்படம் நிற்கும். கிழக்கு லண்டனில் நான் எழுதிய அறிக்கைகளில் பாதியில் இந்த நிலப்படம் உண்டு. ஓர் ஆங்கிலேய ஏஜென்ட் இதை ரசாயனத் தீக்காயம் என்று எழுதி அனுப்பியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். இது தேய்மானத்தில் சேராது, கறைதான், பொறுப்பு உங்களுடையது. ஆனால் அதே கணக்கு இங்கேயும் வரும். மேடைக்கு ஏழு வயது என்று ஏஜென்டின் மெயிலிலேயே இருக்கிறது. பத்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் மிச்சம் மூன்று, 400-ல் பத்தில் மூன்று பங்கு 120. மேடை உடையவில்லை, வீங்கவில்லை, பயன்பாட்டுக்குக் குறையில்லை, கறை மட்டும்தான் என்பதையும் எழுதுங்கள். முழு மாற்றத்துக்குப் பதில் ஒரு சிறு தொகை போதும் என்று நடுவர் நினைக்க அது வழி செய்யும். (வெயிலில் மஞ்சள் கறை வெளிறும், கதவோரமாக இருந்திருந்தால் ஒரு வாரம் வெயில் காட்டச் சொல்லியிருப்பேன். லண்டனில் எந்த வெயில்!)

பெயின்ட், 240. இரண்டரை வருடம் ஆள் இருந்த வீட்டில் சுவர் மங்கும், நாற்காலி உரசும், சுவிட்சைச் சுற்றிக் கைப்பட்ட அழுக்கு இருக்கும். எல்லாம் தேய்மானம். நீங்கள் ஆணி அடிக்கவில்லை, நிறம் மாற்றவில்லை. செக்-இன் அறிக்கையிலேயே கூடத்துச் சுவரில் 'பழைய உரசல்கள்' என்று இருக்கிறது. இதில் ஒரு பவுண்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டிப் பார்த்தால் 80, 87.50, 120. ஏறக்குறைய 290 போய் 1,210 பவுண்டு வரை உங்கள் கைக்கு வர வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு நடுவரும் ஒரே மாதிரி பார்ப்பார் என்று சொல்லமாட்டேன், ஐம்பது நூறு இப்படி அப்படி ஆகலாம்.

மனுவை எழுதும்போது கோபத்தை வெளியே வைத்துவிடுங்கள். ஏஜென்ட் மரியாதை இல்லாமல் பேசினார், வீட்டுக்காரர் பாய்லரை மூன்று வாரம் சரிசெய்யவில்லை, இதெல்லாம் உண்மையாக இருந்தாலும் நடுவருக்குத் தேவையில்லை. பாய்லருக்கு நஷ்டஈடு கேட்க இது இடமில்லை, டெபாசிட்டில் பிடிக்கலாமா கூடாதா என்பது மட்டும்தான் இங்கே. பிடித்தம் வாரியாகத் தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் செக்-இன் அறிக்கையின் பக்க எண், செக்-அவுட் பக்க எண், உங்கள் படத்தின் எண், உங்கள் கணக்கு என்று நான்கு வரி போதும். நாற்பது படங்களை மொத்தமாகக் கொட்டாதீர்கள். எண் போட்டு, 'இது கூடத்துச் சுவர், சாவி கொடுத்த அன்று காலை எடுத்தது' என்று ஒரு வரி எழுதினால்தான் அது சாட்சி. சாட்சிகள் போய்ச் சேர்ந்த பிறகு வழக்கமாக 28 நாளுக்குள் முடிவு வந்துவிடும். அந்த முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே கொடுத்துவிட வேண்டும், 'அப்புறம் அனுப்பலாம்' என்று எதையும் வைக்காதீர்கள்.

ஏஜென்ட் பதிலே போடாமல் இருந்தால்? பணம் திட்டத்திடமே இருக்கும் வகையில் அதற்கும் வழி இருக்கிறது. காலி செய்து 14 நாள் கழிந்தும் பதில் வராவிட்டால், ஒரு வழக்கறிஞர் முன்னால் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு நீங்கள் மட்டும் தனியாகக் கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு இன்னொரு 14 நாள் கொடுப்பார்கள். வாயைத் திறக்காவிட்டால் பணம் உங்களுக்கு.

மூன்று திட்டங்களிலும் உங்கள் டெபாசிட் இல்லவே இல்லை என்றால் ஆட்டமே மாறிவிடும். அப்போது திட்டத்தின் நடுவரிடம் போக முடியாது, கவுண்டி கோர்ட் எனும் உள்ளூர் சிவில் கோர்ட்தான். ஆனால் அங்கே நிலைமை உங்களுக்குச் சாதகம். டெபாசிட்டைத் திருப்பித் தரச் சொல்வதோடு, அபராதமாக டெபாசிட்டின் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை உங்களுக்குத் தரச் சொல்லும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு. உங்கள் கணக்கில் அது 1,500 முதல் 4,500 வரை. தாமதமாக, அதாவது 30 நாள் தாண்டிப் பாதுகாத்திருந்தாலும் அபராதம் கேட்கலாம். காலி செய்த பிறகும் கேட்கலாம், ஆறு வருடக் கெடு இருக்கிறது. வழக்குக்கு முன்னால் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். 2004 வீட்டுவசதிச் சட்டத்தின் பிரிவுகள் 213, 214 என்று அதில் குறிப்பிட்டால், பல வீட்டுக்காரர்கள் கடிதத்தைப் படித்த கையோடு போன் செய்வார்கள்.

இடையில், அறையை மட்டும் எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் 'நம்ம அண்ணன் வீடுதான்' என்று ஒரு மாத டெபாசிட்டைக் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, அண்ணன் குடும்பமும் அதே வீட்டில் இருக்க, சமையலறையைப் பகிர்ந்துகொண்டு தங்குகிறார்கள். வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால் இந்தப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. மூன்று திட்டங்களும் உதவாது. தரமாட்டேன் என்றால் சிறு வழக்குக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதற்கு ரசீதாவது, வங்கி வழியாக அனுப்பிய பதிவாவது, வாட்ஸப்பில் 'டெபாசிட் வாங்கிக்கொண்டேன்' என்ற ஒரு வரியாவது வேண்டும். அண்ணன் என்று கூப்பிடுவது இருக்கட்டும், பணத்தை வங்கியில் அனுப்புங்கள்.

ஊர்ப் பழக்கத்தில் இன்னொன்று: 'கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று இங்கே செய்யாதீர்கள். அது வாடகை பாக்கி. டெபாசிட்டிலிருந்து பிடிக்க வீட்டுக்காரருக்கு மறுக்க முடியாத காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகும், அடுத்த வீட்டுக்குப் போகும்போது பழைய ஏஜென்ட் தரும் சான்றும் கெடும்.

அடுத்த வீட்டுக்கு டெபாசிட் கேட்கும்போது ஒரு கணக்கு. வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் இங்கிலாந்தில் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. உங்களிடம் சரியாகத்தான் வாங்கியிருக்கிறார்கள்: 1,300-ஐ 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுத்தால் வாரம் 300, ஐந்து வாரம் 1,500. ஸ்காட்லாந்தில் திட்டங்களும் விதிகளும் வேறு. பாதுகாக்க 30 வேலைநாள் கெடு, பாதுகாக்காதவர் மேல் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் கேட்க வேண்டும், அதுவும் காலி செய்த மூன்று மாதத்துக்குள். கிளாஸ்கோவில் இருக்கும் நண்பர்கள் லண்டன்காரர் பேச்சைக் கேட்டு ஆறு வருடம் இருக்கிறது என்று சும்மா இருந்துவிட வேண்டாம்.

இப்போது ஏஜென்டுக்கு அனுப்ப வேண்டிய மெயில். ஆங்கிலத்தில் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

'உங்கள் பிடித்தக் கணக்கு கிடைத்தது. ஓவனும் ஹூடும் சுத்தம் செய்ய 80 பவுண்டு, கார்ப்பெட் கருகலுக்கு 87.50, சமையல் மேடைக் கறைக்கு 120 ஏற்கிறேன். மீதியை ஏற்கவில்லை. கார்ப்பெட், மேடை இரண்டையும் வாங்கிய பில்களை அனுப்புங்கள். தகராறு இல்லாத 230 பவுண்டை உடனே விடுவியுங்கள். 14 நாளுக்குள் உடன்பாடு வராவிட்டால் டெபாசிட் பாதுகாக்கப்பட்டுள்ள திட்டத்தில் தகராறு பதிவு செய்கிறேன்.'

போனில் பேச வேண்டாம், அவர்கள் கூப்பிட்டாலும் 'மெயிலில் எழுதுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். பில்கள் வந்ததும் வயதைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.